மரத்தரையும் ஒரு வாளித் தண்ணீரும்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஸ்கூடாய் வட்டாரத் தாமான்களில் நடந்து போனால், வீட்டுக்கு வீடு தண்ணீர் ஓசை கேட்கும். கார் நிறுத்துமிடத்தை ரப்பர்க் குழாய் வைத்துக் கழுவுவார்கள். டைல் பதித்த வரவேற்பறையில் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து, வாசல் வழியாகக் கால்வாய்க்குத் தள்ளுவார்கள். சமையலறையும் முடிந்த பிறகு, அதே வாளி மாடிப்படி ஏறும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மாடியில் இருப்பது டைல் அன்று, மரம்.

ஸ்கூடாய், ஜொகூர் பாருவுக்கு வடமேற்கே ஸ்கூடாய் ஆற்றை ஒட்டி வளர்ந்த நகரம். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் 1985ஆம் ஆண்டு இங்குத் திறக்கப்பட்டது. அதையொட்டிய காலத்தில் தாமான் யுனிவர்சிட்டி, தாமான் உங்கு துன் அமினா போன்ற குடியிருப்புகள் விரிந்தன. அக்காலத்து இரட்டை மாடி வரிசை வீடுகளில் ஒரு பொதுவான வழக்கம் இருந்தது. கீழ்த்தளத்தில் டைல் அல்லது சிமெண்டு. மாடிப் படுக்கையறைகளில் பார்க்கே எனப்படும் மரத்துண்டுத் தரை. ஒரு விரல் அகலமுள்ள சிறு மரச் சட்டங்களை ஐந்தைந்தாகச் சேர்த்து, ஒரு கட்டம் நெடுக்காகவும் அடுத்த கட்டம் குறுக்காகவும் பாய் பின்னியதுபோல் ஒட்டியிருப்பார்கள். இன்றும் பல வீடுகளில் அதே தரைதான் இருக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக அதன்மேல்தான் பிள்ளைகள் தவழ்ந்தார்கள், படித்தார்கள், பாய் விரித்துத் தூங்கினார்கள்.

அந்தத் தரையில் வாளித் தண்ணீரை ஊற்றினால் அன்றே ஒன்றும் ஆகாது. துடைத்தவுடன் பளபளப்பாகவே தெரியும். சில வாரங்கள் கழித்துச் சன்னலோரம் நடக்கும்போது ஒரு கட்டை ‘டொக்’ என்று ஒலிக்கும். பிறகு இரண்டு கட்டைகளின் ஓரங்கள் மேலெழும், கால்விரல் தட்டும். அடுத்த ஆண்டுத் தீபாவளிக்குள் அறையின் நடுவே ஒரு பகுதி கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நிற்கும். “பழைய தரை, இனிமேல் உதவாது, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு வேறு போட்டுவிடலாம்” என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். தரை பழையதானதால் கெட்டது என்றே எல்லாரும் நம்புவார்கள். உண்மையில் அதைக் கெடுத்தது முதுமை அன்று, தண்ணீர்.

இது ஏன் நிகழ்கிறது என்பதை அறிய மரத்தின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். வெட்டிய மரம் என்பது மெல்லிய குழாய்களை நெருக்கமாகக் கட்டிய ஒரு கட்டு போன்றது. உயிரோடு இருந்தபோது அக்குழாய்களில் நீர் ஓடியது. மரம் உலர்ந்த பிறகும் குழாய்ச் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்பை விடுவதில்லை. ஈரத்தை இழுத்தால் சுவர் தடிக்கும், விட்டால் மெலியும். இதில் ஒரு விந்தை உண்டு. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய நீள்வதே இல்லை, அகலவாக்கில்தான் விரிகிறது. மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் அறையில் பலகைகளை ஒரே திசையில் பதித்திருந்தால், மரத்தின் ஈரம் 3 விழுக்காடு கூடினாலே எல்லாப் பலகைகளும் சேர்ந்து சுமார் 2 சென்டிமீட்டர் விரியப் பார்க்கும். சுவர் இடம் கொடுக்காது. இடம் இல்லாத மரம் மேலே எழுகிறது. நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் கட்டமாகப் பதிக்கும் முறை வெறும் அழகுக்காக மட்டும் வந்ததன்று. விரிவு ஒரே பக்கம் சேராமல் இரு திசைகளிலும் பிரிந்து போகவும் அது உதவுகிறது. சுவரோரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, அதை மரச் சட்டத்தால் மறைப்பதும் இதற்காகவே. வீட்டைப் புதுப்பிக்கும்போது அந்த இடைவெளியைச் சிமெண்டு பூசி அடைத்துவிடுபவர்கள் உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். மரத்திற்கோ மூச்சு முட்டும்.

ஓரங்கள் மட்டும் மேலெழுந்து நடுப்பகுதி குழிந்து தெரிந்தால், கட்டையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று பொருள். மேலே ஊற்றிய தண்ணீர் இடுக்குகளின் வழியே கீழிறங்கிச் சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவே தங்கிவிட்டது. மேற்பக்கம் மின்விசிறிக் காற்றில் உலர்ந்துவிடும். அடிப்பக்கம் உலர வழியில்லை. அங்குள்ள பசையும் ஊறித் தன் பிடியை விட்டுவிடும்.

ஸ்கூடாயின் காற்றும் இதற்குத் துணைபோகிறது. இங்கு ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஆண்டு மழையளவு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம். தீபாவளிக் கழுவலோ அதற்குச் சற்று முன்பு, அல்லது அது தொடங்கும் வேளையில் வருகிறது. ஊற்றிய நீர் உலர வேண்டிய நேரத்தில் காற்றே நனைந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்கூடாய்வாசிகளில் பலர் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும். சன்னல் திறக்காத மாடியறையில் வெப்பமும் ஈரமும் தேங்கும். இரவு வந்ததும் குளிரூட்டி ஓடும். அறை சட்டென உலரும். குளிரூட்டி இல்லாத அறையில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 13 முதல் 16 விழுக்காடு வரை இருக்கும். குளிரூட்டி நாள் முழுவதும் இயங்கும் அறையில் அது 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று அலையும் காற்றுக்கேற்ப மரமும் சிறிது சிறிதாக விரிந்து சுருங்குகிறது. நல்ல தரை இதைத் தாங்கும். தண்ணீரும் சேர்ந்தால்தான் தாங்காது.

தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. தமிழகக் கிராமங்களில் வீட்டுத்தரை மண்ணால் ஆனது. சாணத்தை நீரில் கரைத்து மெழுகினால்தான் புழுதி அடங்கும். வாசலில் நீர் தெளித்துக் கோலம் போட்டால்தான் பொழுது விடியும். மலாயாவுக்கு வந்த பிறகு தோட்டப்புற லயங்களில் சிமெண்டுத் தரை வந்தது. அதற்கும் தண்ணீர்தான் மருந்து. எவ்வளவு ஊற்றினாலும் ஓடிவிடும். மண்ணுக்கும் சிமெண்டுக்கும் சரியாக இருந்த அந்த முறையை மரத்தரை ஏற்றுக்கொள்வதில்லை. அதற்கு வேறு பண்பு தேவைப்படுகிறது. அந்தப் பண்பை இந்த மண்ணில் நெடுங்காலம் மரத்தோடு வாழ்ந்தவர்களிடம் காணலாம்.

மலாய்க்காரர்களின் பாரம்பரிய வீடு தரையைத் தொடுவதில்லை. மரத்தூண்கள் மண்ணில் புதைக்கப்படாமல் கல் பீடங்களின்மேல் நிற்கும். தூண்களின்மேல் பலகைத் தளம் அமைந்திருக்கும். அதன் கீழே காற்று நாள் முழுவதும் புகுந்து வெளியேறும். வெள்ளம் வந்தாலும் கீழேயே ஓடிவிடும். கறையான் ஏற நினைத்தால் கல்லைத் தாண்டி, வெளிச்சத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி ஏற வேண்டும். ஜொகூரில் புகழ்பெற்ற லீமாஸ் கூரை வீடுகளும் இந்த முறையில் எழுந்தவையே. நெகிரி செம்பிலானில் 1908ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை 99 தூண்களின்மேல் நிற்கிறது. சாதாரண வீடுகளிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தண்ணீர் புழங்கும் சமையலறையை முதன்மை வீட்டைவிடச் சற்றுத் தாழ்வாகத் தனியே அமைப்பார்கள். அங்குத் தரைச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விடுவதும் உண்டு. சிந்திய நீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். மக்கள் உட்கார்ந்து, படுத்து, விருந்தினரை வரவேற்கும் தளத்திற்கு நீர் வராது. மரமும் நீரும் ஒரே வீட்டில் இருக்கலாம்; ஒரே இடத்தில் தங்கக்கூடாது என்பதே அந்தக் கட்டடக்கலை. தோட்டப்புறங்களிலும் தொடக்கக் காலத்தில் தூண்மேல் எழுப்பிய பலகை லயங்கள் சில இடங்களில் இருந்தன. சிமெண்டு வந்ததும் அவை மறைந்துபோயின.

வரிசை வீட்டு மாடியில் காற்று கீழே புகுந்து வர வழியில்லை. மரம் நேரடியாகச் சிமெண்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, அந்த வீடு தானாகச் செய்துகொண்ட வேலையை இங்கு மனிதர்தாம் செய்ய வேண்டும்.

தரையில் இருப்பது என்ன மரம் என்று தெரிந்துகொள்வதும் நல்லது. எல்லா மரமும் ஒன்றுபோல் உழைப்பதில்லை. கெப்போங்கில் 1929இல் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் மரங்களின் ஆயுளை அறிய எளிய சோதனை ஒன்றைச் செய்துவந்தார்கள். பலவகை மரக்கட்டைகளை மண்ணில் வரிசையாக நட்டு, மழைக்கும் கறையானுக்கும் பூஞ்சைக்கும் விட்டுவிடுவார்கள். நட்ட கட்டைகள் கல்லறைபோல் தெரிவதால் அதற்குக் கல்லறைச் சோதனை என்றே பெயர். பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்றால் அது மிக உறுதியான மரம். இரண்டு ஆண்டுக்குள் உளுத்துப்போனால் உறுதியற்ற மரம். செங்கால் மரம் முதல் வகையைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டுச் செங்கல் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கன மீட்டர் செங்கால் 900 கிலோவுக்கு மேல் எடை கொள்ளும் கனத்த மரம். படகும் பாலமும் அதில் செய்தார்கள்.

பார்க்கேக்கு அதிகம் பயன்பட்டவை மெர்பாவும் கெம்பாசும். கெம்பாஸ் ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம், கனமானது, ஆனால் கறையானுக்கு இரையாகக் கூடியது. மெர்பாவ் அடர்ந்த செம்பழுப்பு. அதன் நுண்துளைகளில் கந்தகப் பொடிபோல் மஞ்சள் துகள் பளிச்சிடும். பழைய தரையில் மெர்பாவை அடையாளம் காண அதுவே எளிய வழி. 2019இல் மெர்பாவ் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. அந்த மரத்தின் மேலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறோம் என்பதை அறியாத குடும்பங்கள் ஸ்கூடாயில் நிறையவே இருக்கும். மெர்பாவின் இன்னொரு குணம் வீட்டுக்காரரைத் திடுக்கிட வைக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் நீர் பட்டால், மரத்தில் உள்ள சாயம் கரைந்து தேநீர் நிறத்தில் வெளியேறும். இரும்பு வாளியோ ஆணியோ ஈரத்தோடு அதன்மேல் இருந்தால் கரும்புள்ளி விழும். அது அழுக்கு என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பவர்களும் உண்டு!

புதிய வீடுகளில் காணப்படும் வெளிர்நிற மரத்தரைகளில் சில ரப்பர் மரத்தால் ஆனவை. தமிழர்களுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அதன் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள் அவர்களே. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் வெகுகாலம் விறகாகவே போயிற்று. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும், ஆகவே அதை யாரும் நம்பவில்லை. போரான் உப்புக் கரைசலை மரத்திற்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு 1980களிலிருந்து நிலைமை மாறியது. இன்று அதே ஜொகூரின் மூவாரில் செய்யப்படும் நாற்காலிகளும் மேசைகளும் பெரும்பாலும் ரப்பர் மரத்தால் ஆனவை, உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. ஆனால், போரான் நீரில் கரையும். தொடர்ந்து ஈரம் ஊறினால் காப்பு மருந்தும் வெளியேறிவிடும். ரப்பர் மரத்தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, நோயாளிக்குக் கொடுத்த மருந்தை வாந்தி எடுக்க வைப்பதற்கு ஒப்பாகும்.

சரி, மரத்தரையை எப்படித்தான் சுத்தம் செய்வது? அன்றாடம் வேண்டியது மென்மையான துடைப்பம் மட்டுமே. மரத்தின் மேற்பூச்சைக் கெடுப்பதில் மணலுக்கு நிகரில்லை. மணல் துகள் பூச்சைவிடக் கடினமானது; காலடியில் சிக்கினால் அது உப்புத்தாளாக மாறித் தேய்க்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடும் நம் வழக்கம் இங்குப் பெரிதும் கைகொடுக்கிறது. மேலை நாட்டு வீடுகளில் இதற்காகவே சட்டம் போட வேண்டியிருக்கிறது. நமக்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

வாரம் ஒருமுறை துணியால் துடைக்கலாம். துணியை நனைத்து, ஒரு சொட்டும் விழாத அளவுக்கு இறுக்கிப் பிழிய வேண்டும். துடைத்த இடம் ஒரு நிமிடத்திற்குள் உலர்ந்துவிட்டால் பிழிந்தது போதும் என்று பொருள். ஈரத்தடம் தரையில் மினுமினுத்துக்கொண்டே இருந்தால் துணியில் நீர் அதிகம். சோப்பு தேவைப்பட்டால் சில துளிகள் போதும். வெளுப்பு மருந்து, அமிலம் கலந்த கழிவறைக் கழுவி ஆகியவை மரத்தின் பக்கமே வரக்கூடாது. வினிகர் இயற்கையானது, ஆகவே நல்லது என்று சிலர் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். அதுவும் அமிலமே, நாளடைவில் பூச்சின் பளபளப்பை மங்கச் செய்யும். நீராவி கக்கும் துடைப்பான்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை வெந்நீரை ஆவியாக்கி இடுக்குகளுக்குள் அழுத்தி ஏற்றுகின்றன. டைலுக்கு ஏற்ற கருவி மரத்திற்கு ஏற்றதாகாது.

மாடியில் பூசை மாடம் வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் சற்றுக் கவனம் வேண்டும். குத்துவிளக்கின் எண்ணெய் சொட்டிச் சொட்டி மரத்தில் ஊறினால் கறுத்த வட்டம் விழும். பிறகு அதைப் போக்குவது கடினம். குங்குமமும் மஞ்சளும் பூச்சு தேய்ந்த மரத்தைப் பற்றினால் விடாது. தேங்காய் உடைத்த நீரும் அங்கேயே தேங்கும். அகலமான பித்தளைத் தாம்பாளம் ஒன்றை அடியில் வைத்தால் இவையனைத்தும் தீரும். விளக்கும் சாம்பிராணிக் கரண்டியும் மரத்தின்மேல் நேராக இருக்கக் கூடாது என்பதற்கு எண்ணெயைவிடப் பெரிய காரணம் நெருப்பு.

குளிரூட்டியின் நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால், அது சுவர் வழியாக வழிந்து தரையோரத்தில் சேரும். கட்டில் மறைப்பதால் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மாடியறையில் ஒரே மூலையில் மட்டும் கட்டைகள் எழும்பினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதற்கு மேலேயுள்ள குளிரூட்டி. குளியலறை வாசலும் அப்படித்தான். ஈரக்காலோடு வெளியே வரும் அந்த ஓரடி இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் மரம் முதலில் கறுக்கிறது. அங்குக் கால்மிதி போடுவார்கள். கால்மிதியின் அடிப்பக்கம் ரப்பராக இருந்தால் நிலைமை மோசமாகும். ஈரம் அடியில் அடைபடும், ரப்பரின் நிறமும் ஒட்டிக்கொள்ளும். துணிக் கால்மிதியே மேல். அதையும் குளித்து முடித்ததும் எடுத்து உலர்த்த வேண்டும். சன்னலோரப் பூந்தொட்டிக்கும் இதே கதைதான். வெயில் விழும் இடத்தில் பல ஆண்டுகள் ஒரே பாயை விரித்து வைத்தால், அதை எடுக்கும் நாளில் பாயின் உருவம் தரையில் வேறு நிறத்தில் பதிந்திருக்கும். அவ்வப்போது இடம் மாற்றினால் போதும்.

கறையானைப் பற்றிப் பேசாமல் இந்நாட்டில் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல்கள் விளக்கைச் சுற்றிப் பறந்து, சிறகுதிர்த்து, தரையில் ஊர்வதைப் பார்த்திருப்போம். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. புதுக் குடும்பம் அமைக்க இடம் தேடி வந்திருக்கிறது. உதிர்ந்த சிறகுகள் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் குவிந்திருந்தால், புற்று அருகிலேயே இருக்கக்கூடும். மண்ணில் வாழும் கறையானின் உடல் மெல்லியது. வெளிக்காற்றில் உலர்ந்து இறந்துவிடும். ஆகவே, மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்துப் பென்சில் தடிமனில் சுரங்கப்பாதை கட்டிக்கொண்டு வருகிறது. சுவரோரத்திலோ கதவு நிலையிலோ அந்த மண்கோடு தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது; பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழைக்க வேண்டும். தரைக்கட்டையைத் தட்டும்போது காகிதம்போல் மெலிந்து ஒலித்தால், உள்ளே தின்று முடித்து மேற்பூச்சை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. கறையானுக்கும் ஈரம் வேண்டும் என்பதை மறக்கலாகாது. உலர்ந்த தரையைவிட ஊறிய தரையே அதற்கு விருப்பமான விருந்து. குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவுபோன்ற பொடியும் தெரிந்தால் அது கறையானின் வேலை அன்று. மரத்தின் வெளிப்பகுதியில் உள்ள மாச்சத்தைத் தேடி வரும் சிறு வண்டின் வேலை.

கட்டை எழும்பிவிட்டது, அதற்காக முழுத் தரையையும் பெயர்க்க வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. ஐம்பது சென் நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனால், எங்குப் பசை விட்டிருக்கிறது என்பதை ஓசையே சொல்லிவிடும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடலாம். உலர்ந்த, சேதமில்லாத கட்டையை மெல்லப் பெயர்த்து, அடியிலுள்ள பழைய பசையைச் சுரண்டிவிட்டு, மரத்தரைக்குரிய பசையால் மீண்டும் ஒட்டி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் விட்டால் அது பழையபடி அமரும். உளுத்த கட்டைக்கு மாற்று வேண்டும். கடையில் வாங்கும் புதுக்கட்டை நிறத்தில் ஒத்துவராது. நாற்பது ஆண்டு வெயில் பட்ட மெர்பாவின் நிறத்தைக் கடைக்காரர் எங்கே போய் எடுப்பார்? அனுபவமுள்ள தச்சர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுவரோடு நிற்கும் பெரிய அலமாரியின் அடியிலிருந்து அதே தரையின் கட்டைகளைப் பெயர்த்து, வெளியே தெரியும் இடத்தில் பதிப்பார்கள். புதுக்கட்டை அலமாரியின் அடியில் ஒளிந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது.

தரை முழுவதும் மங்கியிருந்தால், இயந்திரத்தால் இழைத்துப் புதுப்பூச்சு பூசலாம். பார்க்கேக் கட்டையின் தடிப்பு பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வோர் இழைப்பும் அதில் சிறிது எடுத்துவிடும். ஆகவே, ஒரு தரையின் வாழ்நாளில் சில முறைதான் அதைச் செய்ய முடியும். இழைக்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவரி இல்லாமல் பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. ஆளி விதை எண்ணெய் பூசுபவர்கள் எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிவதும் ஆபத்து. அத்துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துப் போட்டு உலரவிட்ட பிறகே எறிய வேண்டும்.

மரத்தரைக்குப் பெரும் சோதனை வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கோத்தா திங்கி நகரம் மிகுந்த பாதிப்புக்குள்ளானது. நீர் வடிந்த வீட்டுக்குத் திரும்பும் குடும்பத்திற்குத் தரையைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. ஆனால், அந்த முதல் சில நாள்களில் செய்வதே தரையின் தலைவிதியைத் தீர்மானிக்கும். சேற்றை உடனே அகற்ற வேண்டும். காய்ந்துவிட்டால் அது இடுக்குகளில் இறுகி, மரம் சுருங்க இடம் தராது. பாய், கம்பளம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சன்னல்களைத் திறந்து மின்விசிறியை ஓடவிட வேண்டும். அவசரப்பட்டு அனல்காற்றுக் கருவி வைத்தால் மேற்பக்கம் மட்டும் வேகமாய் உலர்ந்து வெடிக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பற்றிக்கொள்ளும். ஆகவே, காற்றோட்டம் ஒரு நாளும் தடைபடலாகாது.

பெரும்பாலோர் தவறுவது இதற்குப் பிறகுதான். ஓரங்கள் எழும்பி நிற்கும் தரையைப் பார்க்கப் பொறுக்காமல், உடனே ஆளை அழைத்து இழைத்துச் சமமாக்கிவிடுவார்கள். அடிப்பக்கம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து அது உலர்ந்து சுருங்கும்போது, இழைத்த ஓரங்கள் தாழ்ந்து, ஒவ்வொரு கட்டையும் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பொறுத்திருந்தவர்களின் வீட்டில் எழும்பிய கட்டைகளில் பல தாமாகவே தாழ்ந்து அமர்வதுண்டு. தச்சரிடம் ஈரமானி என்ற சிறு கருவி இருக்கும். அதன் இரு ஊசிமுனைகளை மரத்தில் அழுத்தினால் ஈரத்தின் அளவை எண்ணில் காட்டும். நனையாத ஓர் அறையில் ஒருமுறை, நனைந்த அறையில் ஒருமுறை என்று அதை வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு எண்களும் நெருங்கி வரும்வரை இழைப்பு இயந்திரம் வண்டியிலேயே இருக்கும்.